உயர்ந்த பானெட்: ரிப்பேர் பண்ணவா, மாத்தவா?

போன மாசம் போடியிலிருந்து மாமா போன் பண்ணினார். வழக்கமா "சாப்பிட்டியா மாப்ளே"ன்னு ஆரம்பிக்கிறவர், அன்னைக்கு நேரா விஷயத்துக்கு வந்துட்டார். "ஜீப்புல பிரேக் போயிருச்சு மாப்ளே. மெட்டுல இருந்து இறங்கறப்ப."

போடிமெட்டு ரோட்டில் போயிருக்கிறவங்களுக்கு இந்த ஒரு வரி போதும். போகாதவங்களுக்காகச் சொல்றேன். போடிநாயக்கனூரிலிருந்து கேரள எல்லைக்கு ஏறும் மலைப்பாதை அது. 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏலக்காய்த் தோட்டங்கள். தினமும் விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏறும், சாயங்காலம் இறங்கும். மாமாவிடம் இருப்பது 1978 மாடல். வட்ட ஹெட்லைட், தட்டையான மட்கார்டு, கொஞ்சம் அதிகப்படியாக உயர்ந்து நிற்கும் பானெட். நான் டிரைவிங் கற்றுக்கொண்டதும் அதில்தான்.

அன்று பாதி மலை இறங்கியிருக்கும்போது பெடலை அழுத்தினால் கால் தரை வரைக்கும் போயிருக்கிறது. எதுவும் பிடிக்கவில்லை. இரண்டாவது கியரில் இருந்ததால் வண்டி பறக்கவில்லை. மாமா ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைச்சுவர் பக்கமா ஒடிச்சு, உரசி நிறுத்திவிட்டார். யாருக்கும் அடி இல்லை.

மறுநாள் மெக்கானிக் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஒரு பைப்பு துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருக்குண்ணே. அதை மட்டும் மாத்தினா நாளைக்கே ஓடும். ஆனா ஒரேடியா வேற டர்போ டீசல் என்ஜின், டிஸ்க் பிரேக், பவர் ஸ்டீயரிங், பெரிய டயர்னு போட்டுட்டா இருபது வருஷத்துக்குக் கவலை இல்ல."

பைப் துருப்பிடித்தது எங்கள் அலட்சியம்தான், அதில் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மாமா என்னிடம் கேட்டது வேறு. "நீதான் வரலாறு வரலாறுன்னு மைக்குல பேசுறியே. சொல்லு. ரிப்பேர் பண்ணவா, மாத்தவா?"

ரெண்டு நாள் டைம் கேட்டேன். அந்த ரெண்டு நாளில் படிச்சதுதான் இந்த எபிசோடு.

கதை 1938-ல் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் தொடங்குகிறது. வில்லிஸ் ஓவர்லேண்ட் என்ற கார் கம்பெனி கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது. அங்கே தலைமைப் பொறியாளராக வந்தவர் டெல்மார் ரூஸ். எல்லோரும் அவரை 'பார்னி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கையில் கிடைத்தது 1920-களின் வடிவமைப்பிலிருந்து வந்த நாலு சிலிண்டர் என்ஜின். சுமார் 48 குதிரைத்திறன். கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் பேரிங் போய்விடும்.

புது என்ஜின் செய்ய கம்பெனியிடம் காசு இல்லை. அதனால் ரூஸ் ஒரு வேலை செய்தார். எது உடைகிறதோ அதை மட்டும் பார்த்தார். பேரிங் போகிறதா, பேரிங்கை மாற்று. பிஸ்டன் கனமா, அலுமினியம் போடு. இடைவெளிகள் தளர்வாக இருக்கின்றனவா, இறுக்கு. அளவு அதே 134 கன அங்குலம், நம்ம கணக்கில் 2,199 சிசி. ஆனால் 60 குதிரைத்திறன் வந்தது. 'கோ டெவில்' என்று பெயர் வைத்தார்கள். இதை ரிப்பேர் என்று சொல்வதா, அப்கிரேடு என்று சொல்வதா? எனக்கு உண்மையிலேயே தெரியல.

1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன நாலு சக்கர இயக்க வண்டி கேட்டது. போட்டியில் மூன்று கம்பெனிகள்: பாண்டம், வில்லிஸ், ஃபோர்டு. ஃபோர்டு தன் வண்டியில் வைத்தது டிராக்டர் என்ஜினின் ஒரு வடிவம். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

வில்லிஸ் வண்டியில் பலம் இருந்தது, ஆனால் ராணுவம் வைத்த எடை வரம்பைவிட 100 கிலோவுக்கு மேல் கூடுதல். வரம்பு 2,160 பவுண்டு, அதாவது சுமார் 980 கிலோ. சுலபமான வழி, சின்ன என்ஜினுக்கு மாறுவது. ரூஸ் மாறவில்லை. வண்டியை முழுக்கப் பிரித்துப் போட்டு, தேவைக்கு மேல் நீளமாக இருந்த ஒவ்வொரு போல்ட்டையும் குறைத்து, தகட்டை மெல்லிசாக்கி, பெயிண்ட் பூச்சு வரைக்கும் கணக்குப் பார்த்து வரம்புக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு என்ஜினைக் காப்பாற்ற மற்ற எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார்கள். 1941-ல் ராணுவம் வில்லிஸ் வடிவத்தையே தேர்ந்தெடுத்தது. காரணங்களில் முக்கியமானது அந்த என்ஜின்.

அதற்குப் பிறகு ராணுவம் எடுத்த முடிவுதான் ஜீப்பை இன்றுவரை ஓட வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு கம்பெனியால் அவ்வளவு வண்டி செய்ய முடியாது, அதனால் ஃபோர்டிடமும் கொடுத்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. ஃபோர்டு தன் இஷ்டத்துக்குச் செய்யக்கூடாது. வில்லிஸ் வரைபடத்தை வைத்து, ஒன்றின் பாகம் மற்றொன்றில் பொருந்துகிற மாதிரி செய்யவேண்டும். ஃபோர்டு செய்தது. ஆனால் தன் பாகங்களில், போல்ட் தலையில்கூட, 'எஃப்' என்ற எழுத்தை அச்சடித்தது! இரண்டு கம்பெனியும் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேல் ஜீப்புகள் செய்தன. ரெண்டு உடைந்த ஜீப் இருந்தால் ஒரு ஓடுகிற ஜீப் செய்யலாம் என்பது போர்க்களத்தில் ஒரு சிப்பாயின் உயிர்ப் பிரச்சினை. பழைய பார்ட்ஸ் தேடி புதுப்பேட்டைக்குப் போகிறவருக்கு அது இன்னமும் கை கொடுக்கிறது.

இப்ப கொஞ்சம் டெக்னிக்கலா போகப்போறேன். பொறுத்துக்கோங்க.

1945-ல் ஜீப் விவசாயிகளுக்கு விற்பனைக்கு வந்தது. சிஜே-2ஏ என்று பெயர். உழவு வேலைக்குப் போர்க்கால கியர் பாக்ஸ் தாங்காது என்பதால் பலமான டி-90 கியர் பாக்ஸ் போட்டார்கள். நல்ல அப்கிரேடு. ஆனால் பின் ஆக்சிலில் நடந்தது தலைகீழ். போர் ஜீப்பில் வண்டியின் எடையைத் தாங்குவது வெளியே இருக்கும் குழாய். உள்ளே ஓடும் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுற்ற மட்டும்தான். ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. போர் முடிந்த கொஞ்ச காலத்திலேயே, எடையையும் ஷாஃப்டே தாங்கும் அமைப்புக்கு மாறிவிட்டார்கள். அங்கே ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமும் கூடவே கிளம்பிவிடலாம். இன்றைக்கு ஆஃப்-ரோடு ஆர்வலர்கள் நல்ல காசு கொடுத்து 'ஃபுல் ஃப்ளோட்டிங் கிட்' வாங்கி மாட்டுகிறார்கள் இல்லையா? அவர்கள் வாங்குவது 1941-ல் சும்மா வந்துகொண்டிருந்த அமைப்பைத்தான்.

இனி பானெட் கதை. 1950 வாக்கில் வில்லிஸிடம் 'ஹரிகேன்' என்ற என்ஜின் இருந்தது. ரூஸின் பழைய என்ஜினேதான், அதே 134 கன அங்குலம். ஆனால் காற்று உள்ளே வரும் வால்வுகளைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தார்கள். பலம் 70 குதிரைத்திறனைத் தாண்டியது. என்ஜினின் உயரமும் கூடியது. பழைய பானெட்டுக்குள் அடங்கவில்லை.

இந்த ஒரே பிரச்சினைக்கு ஒரே கம்பெனி இரண்டு விடை கொடுத்தது. ராணுவத்துக்கு, என்ஜினைச் சுற்றி உடம்பையே புதிதாக வரைந்தார்கள். மட்கார்டு வளைந்தது, வண்டி கொஞ்சம் நீண்டது. அதுதான் எம்38ஏ1. பின்னாளில் அதிலிருந்து வந்த சிஜே-5 அமெரிக்காவில் 1980-கள் வரை விற்றது. விவசாயிக்கோ, 1953-ல், பழைய உடம்பை அப்படியே வைத்து பானெட்டை மட்டும் உயர்த்தினார்கள். அது சிஜே-3பி. முன்னாலிருந்து பார்த்தால் நெற்றி மட்டும் பெரிசா இருக்கிற மாதிரி இருக்கும். ஒட்டுவேலை. அமெரிக்காவில் 1960-களின் இறுதியோடு அது முடிந்துபோனது.

முடியாமல் போனது நம்ம ஊரில்.

மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகம்மதும் சேர்ந்து 1945-ல் தொடங்கிய கம்பெனி 'மகிந்திரா அண்டு முகம்மது'. பிரிவினைக்குப் பின் குலாம் முகம்மது பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948-ல் கம்பெனி 'மகிந்திரா அண்டு மகிந்திரா' ஆனது. பம்பாய் மஸகானில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக இறக்கிக் கோத்தார்கள். பிறகு இங்கேயே தயாரிப்பு வேரூன்றியபோது, அது அந்த உயர் பானெட் மாடலில் வேரூன்றியது. போலீஸ் ஜீப், பி.டி.ஓ. ஆபீஸ் ஜீப், தேர்தல் ஜீப், பழைய சினிமாவில் கலெக்டர் இறங்கி வரும் ஜீப் என்று நம் தாத்தா பாட்டி தலைமுறை 'ஜீப்' என்று சொன்னபோது மனசில் வந்தது பெரும்பாலும் அந்தப் பெரிய நெற்றிதான். ஒரு கம்பெனியின் தற்காலிக சமாளிப்பு நமக்கு 'ஒரிஜினல்' ஆகிவிட்டது.

அதனால் யாராவது "ஒரிஜினலா வெச்சுக்கணும்"னு சொன்னால், எந்த வருஷத்து ஒரிஜினல்னு கேட்கத் தோணுது எனக்கு.

அடுத்தது டீசல். இங்கே பெட்ரோல் விலையும் டீசல் விலையும் ரொம்ப காலம் ரொம்ப தூரத்தில் இருந்தன. என்ஜினைக் கழற்றி வேறு எரிபொருளுக்கு மாறுவது லாரிக்காரர்களுக்கு ஏற்கெனவே பழக்கம். சென்னை செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் 1950-களிலேயே இங்கிலாந்தின் பெர்க்கின்ஸ் டீசல் என்ஜின்களைத் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபின் ஜீப்பில் பெட்ரோல் ஊற்றுவது பணக்கார வேலையாகிவிட்டது. மகிந்திராவின் கையில் தயாராக ஒரு டீசல் என்ஜின் இருந்தது. 1963-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடனும் வோல்டாஸுடனும் சேர்ந்து தொடங்கிய டிராக்டர் கம்பெனியின் பி-275 டிராக்டர் வழியில் வந்த என்ஜின். அது ஜீப்புக்குள் போனது. முப்பது வருஷத்துக்கு முன் ஃபோர்டு செய்த அதே வேலை! 1980-களில் பெஜோ நிறுவனத்தின் உரிமத்தோடு இன்னும் நாசூக்கான டீசல் வந்தது. கம்பெனி செய்ததை ஊர் மெக்கானிக்குகளும் செய்தார்கள். நாடெங்கும் பெட்ரோல் ஜீப்புகளில் கிடைத்த டீசல் என்ஜின்கள் ஏறின. மாமாவின் ஜீப்பில் இருப்பதும் அப்படி, அவருக்கு முன் வைத்திருந்தவர் மாற்றிய என்ஜின்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தக் கால ஜீப்பின் ஆக்சில் விகிதம் 5.38. அதாவது டாப் கியரில் என்ஜின் 5.38 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். ஒரிஜினல் 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு சுமார் 2.2 மீட்டர் போகும். பெட்ரோல் என்ஜின் 4,000 சுற்று வரை போகும், வேகம் கிட்டத்தட்ட 100 கி.மீ. டிராக்டர் வழி டீசலை அவ்வளவு விரட்ட முடியாது. 2,500 சுற்றில் ஓட்டினால் வேகம் 60 கி.மீ. சொச்சம்தான். சத்தமோ பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கத்திப் பேசவேண்டிய அளவு.

டீசல் போட்டவருக்கு இந்த வேகம் பத்தாது. கிரவுன் பினியனை மாற்றி விகிதத்தைக் குறைப்பார். அல்லது பெரிய டயர் போடுவார், அதுவும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்யும். வேகம் கூடும். ஏற்றத்தில் இழுவை குறையும், கிளட்சைப் பிடித்துப் பிடித்து ஏற்றுவார், கிளட்ச் தேயும். பெரிய டயரின் கனம் ஸ்டீயரிங் பாக்ஸிலும் ஆக்சில் ஷாஃப்டிலும் இறங்கும். டீசல் என்ஜினின் எடையில் முன் பட்டை தணியும். இவ்வளவுக்கும் பிரேக் அதே 9 அங்குல டிரம்! 60 குதிரைத்திறனுக்கு, ஒரு டன் வண்டிக்குப் போட்ட பிரேக். சரி, பூஸ்டர் வைக்கலாம் என்றால் அதற்கு வெற்றிடம் வேண்டும். பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும்போது அது தானாகக் கிடைக்கும். டீசலில் கிடைக்காது, தனியாக வேக்குவம் பம்ப் வைக்கணும்.

மெக்கானிக் சொன்ன "ஒரேடியா மாத்திடலாம்"ல எனக்கு உறுத்தினது இதுதான். அதில் தனித்தனிப் பாகங்கள் இருந்தன, அவற்றுக்கு நடுவில் என்ன நடக்கும் என்பது இல்லை. பழைய வண்டியில் ஒரு பாகத்தைப் பலமாக்கினால் பலவீனம் காணாமல் போவதில்லை, அடுத்த பாகத்துக்குக் குடிபோகிறது. ரூஸுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் என்ஜினைத் தொட்டவர் வண்டியின் போல்ட் வரைக்கும் போனார்.

அதே சமயம், "பழசுதான் பலம், எதையும் தொடாதே" என்கிற கோஷ்டியோடும் எனக்கு ஒத்துவராது. மாமாவின் பிரேக்கையே எடுத்துக்கோங்க. அந்தக் கால அமைப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே ஆயில் பாதை. எங்கே ஒரு ஓட்டை விழுந்தாலும் நாலும் போச்சு. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரட்டைப் பாதை வைப்பதை அமெரிக்கா 1960-களின் பிற்பகுதியிலேயே புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கியது. அந்தப் பழைய அமைப்பை அழகாக ரிப்பேர் செய்து, புதுப் பைப் போட்டு, பெயிண்டும் அடித்து வைத்தால், அடுத்த ஓட்டைக்காகக் காத்திருக்கிறோம், அவ்வளவுதான். இங்கே மாற்றுவதுதான் சரி.

அன்று மாமாவைக் காப்பாற்றியது எது? ஹேண்ட் பிரேக். இந்த ஜீப்புகளில் அது சக்கரத்தில் இல்லை. கியர் பாக்ஸுக்குப் பின்னால், பின் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டைப் பிடிக்கிற ஒரு சின்ன டிரம். ஆயில் கிடையாது, வெறும் கேபிள். மெயின் பிரேக்கோடு அதுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாததால்தான் அது வேலை செய்தது. டிஸ்க் பிரேக் மாற்றுகிற அவசரத்தில் அதைத் தூக்கி எறிந்துவிட்டால்?

இந்தக் கேள்வி மாமா மாதிரி ஒருத்தரோடு முடியவில்லை. பிலிப்பைன்ஸில் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, கூரை போட்டு, வண்ணம் அடித்து 'ஜீப்னி' என்ற ஷேர் வண்டி ஆக்கினார்கள். பின்னாளில் ஜப்பானின் பழைய டீசல் என்ஜின்கள் ஏறின. 2017-ல் அரசாங்கம் பழைய ஜீப்னிகளை ஒழித்துப் புதுசுக்கு மாறச் சொன்னது. புகையும் பாதுகாப்பும் நியாயமான காரணங்கள்தான். ஆனால் புது வண்டி விலை இருபது லட்சம் பெசோவுக்கும் மேல், ஓட்டுநருக்கு எட்டாத தூரம். வேலைநிறுத்தம் மேல் வேலைநிறுத்தம். என்ஜினை மட்டும் மாற்றி, உடம்பை ரிப்பேர் செய்து ஓட்டுகிறோமே என்று கேட்டவர்களும் உண்டு. யார் காசில் அப்கிரேடு என்பதுதான் அங்கே சண்டை.

நம்ம ஊரில் சட்டமும் இருக்கிறது. பஞ்சாப், ஹரியானா எல்லையில் மண்டி டப்வாலி என்ற ஊர், ராணுவம் ஏலம் விட்ட ஜீப்புகளை வைத்துப் புது ஜீப் கட்டுவதற்கே பெயர்போனது. இன்ஸ்டாவில் பார்த்திருப்பீங்க. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இஷ்டத்துக்கு வேற என்ஜின், வேற டயர் என்று போனால் ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது மாட்டிக்குவோம். விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் கேட்கும்போது இன்னும் மோசம்.

ரெண்டு நாள் கழிச்சு மாமாவுக்குப் போன் பண்ணி என் கருத்தைச் சொன்னேன். பிரேக்கை மாத்துங்க, ஒரு பைப் இல்ல, எல்லாப் பைப்பும், கூடவே இரட்டை மாஸ்டர் சிலிண்டர். ஹேண்ட் பிரேக்கைத் தொடவேண்டாம், லைனிங் மட்டும் புதுசா ஒட்டுங்க. என்ஜின் இப்ப இருக்கிறதே போதும், ஸ்லீவ் போட்டு வேலை பாத்துக்கலாம். டயர் பழைய அளவுதான். எதுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

"பெரிய டயர் வேணாங்கிறியா?" கொஞ்சம் ஏமாற்றம் குரலில். "பாக்க நல்லா இருக்கும் மாப்ளே."

"நல்லாத்தான் இருக்கும் மாமா. இறங்கறப்ப நிக்கணுமே."

மெக்கானிக் அண்ணனுக்கு என் மேல் வருத்தம் என்று கேள்வி. ஆனால் வேலையை ஆரம்பித்துவிட்டார். நேற்று ராத்திரி மாமாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. இந்த ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் இருப்பது கால் வைக்கிற தகட்டுக்குக் கீழே. புதுசு நீளம் அதிகமாம், பழைய இடத்தில் உட்காரவில்லை. ஃப்ரேமில் ஒரு பிளேட் வெல்டிங் வைக்கணும், அப்படி வைத்தால் கிளட்ச் ராடு இடிக்குமா என்று பார்க்கணும். "நீயே வந்து பாரு"ன்னு கீழே டைப் பண்ணியிருந்தார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் புக் பண்ணிட்டேன்.